கோபுரம் வேணுமா, மறைப்பு வேணுமா? பறவை பார்த்துத் திரும்பியவர்கள் டீக்கடையில் காரசார வாக்குவாதம்!

ஓமலூர்,-

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஓமலூர் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடை. வேனில் இருந்து இறங்கிய பதினோரு பேர், டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு காரசாரமாகப் பேசிக்கொண்டு இருந்தார்கள். நிலத் தகராறோ, தேர்தல் விவகாரமோ என்று அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

விசாரித்தால் சங்கதி வேறு. சண்டை பறவைகளைப் பற்றி!

எல்லாரும் ஒரே தெருக்காரர்கள். காலையில் இருட்டோடு வேன் பிடித்து, சங்ககிரி, ஈரோடு வழியாக வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள். பறவை பார்த்த சந்தோஷம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் "பார்க்கிறதுக்கு என்ன வசதி வேணும்?" என்ற கேள்வியில்தான் இரண்டு கட்சி ஆகிவிட்டார்கள்.

வெள்ளோடு எங்கே?

ஈரோட்டில் இருந்து சென்னிமலை போகும் வழியில் இருக்கிறது வெள்ளோடு. அங்கே உள்ள பெரிய குளம்தான் சரணாலயம். பரப்பு சுமார் 77 ஹெக்டேர். நம் கணக்கில் 190 ஏக்கர். கீழ்பவானி பாசனப் பகுதியில் இருப்பதால் வாய்க்கால் கசிவு நீரும், மழை நீரும் வந்து சேரும்.

1996-ல் சரணாலயம் ஆனது. 2022-ல் 'ராம்சார்' பட்டியலில் இடம் பிடித்தது. ராம்சார் என்பது ஈரான் நாட்டில் உள்ள ஊர். ஏரி, குளம், சதுப்பு நிலங்களைக் காப்பாற்ற 1971-ல் அங்கே உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. அந்தப் பட்டியலில் 2025 வரை தமிழ்நாட்டில் இருந்து மட்டும் 20 இடங்கள் சேர்ந்திருக்கின்றன.

கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா என்று பல ஜாதிப் பறவைகள் வரும். குளத்துக்குள் தண்ணீரில் நிற்கும் மரங்கள்தான் அவற்றுக்கு வீடு, வாசல், பிரசவ ஆஸ்பத்திரி எல்லாம்.

அப்போது கரை, இப்போது கோபுரம்

முதலில் வாயைத் திறந்தவர் மளிகைக்கடைக்காரர். அவருக்கு வெள்ளோடு புதிது அல்ல. ஈரோட்டு மஞ்சள் மார்க்கெட்டுக்குப் போகும்போது பலமுறை எட்டிப் பார்த்தவர். அவர் கூறியதாவது:-

"அப்போவெல்லாம் கரை மேலே நின்னுதான் பார்க்கணும். முள்ளு குத்தும். வெயில் மண்டையைப் பிளக்கும். இப்போ நடக்கப் பாதை இருக்குது. ஏறிப் பார்க்கக் கோபுரம் இருக்குது. மேலே ஏறினா மொத்தக் குளமும் உள்ளங்கை மாதிரி தெரியுது. குடும்பத்தோட போறவனுக்கு இது வேணுமா வேண்டாமா? இன்னும் நாலு கோபுரம் கட்டினாலும் தப்பில்லைங்க."

தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் கிளார்க் ஒருவர் அதற்கு ஒத்து ஊதினார். ஆனால் அவர் கேட்டது வேறு.

"கோபுரம் சரிங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சது கொக்கு ஒண்ணுதான். வெள்ளையா இருந்தா கொக்கு, கறுப்பா இருந்தா காக்கான்னு பார்த்துட்டு வர்றதுக்கு எண்பது கிலோமீட்டர் எதுக்கு? இது இன்னது, எந்த ஊரில இருந்து வருது, எந்த மாசம் முட்டை வைக்குதுன்னு கூட இருந்து சொல்ற ஆள் வேணும். அதுதான் முதல் வசதி."

கூட வந்த ஆயாவுக்கு வயது எழுபதுக்கு மேல். கோபுரம் என்றதுமே கையை ஆட்டிவிட்டார்.

"என் முழங்காலுக்குக் கோபுரமா? அங்கே ஏறினவன் பார்த்தான், கீழே நின்னவ நான் அவன் காலைத்தான் பார்த்தேன்! மர நிழல்ல ஒரு பெஞ்சு, குடிக்கத் தண்ணி, பொம்பளைங்களுக்கு ஒதுங்க ஒரு இடம். இது போதும் சாமி."

ஆயா சொன்னதற்கு மட்டும் இரண்டு கட்சியும் தலையாட்டியது.

கைதட்டிய பையன்

இத்தோடு முடிந்திருந்தால் வாக்குவாதமே வந்திருக்காது. வந்ததற்குக் காரணம், காலேஜில் படிக்கும் ஒரு பையன்.

மரத்தில் கூட்டமாக நாரைகள் உட்கார்ந்திருந்தன. பையன் செல்போனை எடுத்தான். உட்கார்ந்த பறவையைப் படம் எடுத்தால் என்ன சுவாரசியம்? "ஹோய்" என்று ஒரு சத்தம் போட்டு, இரண்டு கையையும் தட்டினான். பறவைகள் குபீரென்று எழும்பின. வீடியோ பிரமாதமாக வந்துவிட்டது!

பக்கத்தில் நின்றார் ஓய்வு பெற்ற வாத்தியார். பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அங்கேயே ஒரு பிடி பிடித்தார். வேனில் வரும்போதும் விடவில்லை. டீக்கடையிலும் விடவில்லை.

"நான் என்ன சார் கல்லால அடிச்சேனா? பறந்துட்டுத் திரும்பி வந்து உக்காந்திருச்சில்ல?" என்றான் பையன்.

வாத்தியார் கூறியதாவது:-

"நீ பார்த்தது பறந்ததை. பார்க்காதது கூட்டை. தாய்ப் பறவை எழும்பின அடுத்த நிமிஷம் காக்கா வந்து முட்டையைக் கொத்தும். பருந்து வந்து குஞ்சைத் தூக்கும். யாரும் வரலைன்னாலும் வெயில் இருக்குது. நாரை தன் இறக்கையை விரிச்சுக் குடை மாதிரி பிடிச்சுக் குஞ்சுக்கு நிழல் கொடுக்கும். குடையை எடுத்துட்டா இறகு முளைக்காத குஞ்சு எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு நாளைக்கு நூறு பேர் போறாங்க. நூறு பேரும் ஆளுக்கு ஒரு தட்டுத் தட்டினா?"

டீக்கடை கப்சிப் ஆனது. பையன் கிளாசைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பறவைக்காரர்கள் பலகாலமாகச் சொல்லி வருவதும் இதைத்தான். ஒரே மரத்தில் கூட்டமாகக் கூடு கட்டும் ஜாதிகளுக்கு, ஒன்று மிரண்டால் மொத்தக் கூட்டமும் மிரளும். தொந்தரவு தொடர்ந்தால் அந்த இடத்தையே கைவிட்டுப் போய்விடும்.

ஒளிந்து பார்க்கும் குடிசை

"அப்போ மனுஷன் போகவே கூடாதா?" என்று மடக்கினார் மளிகைக்கடைக்காரர்.

போகலாம். ஆனால் ஆள் தெரியாமல் போக வேண்டும் என்பது வாத்தியார் கட்சி. இதற்காகவே வெளிநாடுகளில் ஒரு ஏற்பாடு உண்டு. 'ஹைட்' என்று பெயர். தமிழில் மறைவிடம் என்று சொல்லலாம்.

பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. தண்ணீர் ஓரம் ஒரு பலகைக் குடிசை. முன்பக்கச் சுவரில் கண் உயரத்துக்கு நீளமான ஜன்னல் வெட்டு. உள்ளே பெஞ்சு. போகும் வழியிலும் இரண்டு பக்கம் தட்டியோ, புதரோ இருக்கும். பறவைக்கு ஆள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மிரளாத பறவை பக்கத்திலேயே இரை தேடும்.

இங்கிலாந்தில் ஸ்லிம்பிரிட்ஜ் என்ற இடத்தில் பீட்டர் ஸ்காட் என்பவர் 1946-ல் ஒரு நீர்ப்பறவை மையம் தொடங்கினார். காட்டு வாத்துகளையும் அன்னங்களையும் சாதாரண ஜனங்கள் இப்படி மறைவில் இருந்து பார்ப்பது அங்கே சர்வ சாதாரணம்.

கோபுரத்துக்கும் குடிசைக்கும் வித்தியாசம் இதுதான்: கோபுரத்தில் மனுஷன் பறவையைப் பார்க்கிறான், பறவையும் மனுஷனைப் பார்க்கிறது. வானத்தைப் பின்னணியாக வைத்து உயரத்தில் அசையும் உருவம் பறவைக்கு நன்றாகவே தெரியும். குடிசையில் மனுஷன் மட்டும்தான் பார்க்கிறான்.

கோபுரமே கூடாது என்று அர்த்தம் இல்லை. கூடு இருக்கும் மரத்தை விட்டுத் தள்ளி நின்றால், மொத்தக் குளத்தையும் காட்ட அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. எது எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

இதைக் கேட்ட ஆயா, "அந்தப் பொட்டிக்குள்ள உக்காந்தா காத்து வருமாடா?" என்று கேட்டாரே ஒரு கேள்வி! வாத்தியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நியாயமான கேள்விதான். குளிர் ஊர்க் குடிசையை நம் ஊர் வெயிலில் அப்படியே கட்டினால் அடுப்பு ஆகிவிடும். ஓலைக் கூரையும், தென்னந்தட்டித் தடுப்பும் போட்டால் காற்றும் வரும், ஆளும் தெரியாது. சுவரே இல்லாமல் தட்டியில் ஓட்டை போட்டு நின்று பார்க்கும் ஏற்பாடும் உண்டு. செலவும் கம்மி.

வேடந்தாங்கல் பாடம்

வசதி என்றால் கட்டடம் மட்டும்தானா? நம் தமிழ்நாட்டிலேயே பழைய பாடம் ஒன்று இருக்கிறது.

செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கல். பெயரைப் பாருங்கள். வேடர்கள் தங்கிய ஊர் என்று பெயர்க் காரணம் சொல்கிறார்கள். வேட்டைக்குப் பெயர் போன ஊர், பறவைக்குக் காவல் ஊராக மாறியது.

1790-களில் வெள்ளைக்கார சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டார்கள். ஊர் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று அவரிடம் உத்தரவு வாங்கினார்கள். 1858-ல் அந்த உரிமையைப் புதுப்பித்தும் வாங்கிக்கொண்டார்கள். 1936-ல்தான் சர்க்கார் சரணாலயமாக அங்கீகரித்தது.

ஊராருக்கு இதில் ஆதாயமும் உண்டு. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் உரம் கலந்த தண்ணீர். அது வயலுக்குப் பாய்ந்தால் விளைச்சலுக்கு நல்லது என்பது அவர்கள் அனுபவம்.

இன்றைக்கு வேடந்தாங்கல் போனால் கரை மேல் நடைபாதை, உட்கார பெஞ்சு, பார்வைக் கோபுரம் எல்லாம் உண்டு. ஆனால் ஜனங்கள் நிற்பது ஒரு பக்கக் கரையோடு சரி. ஏரி முழுவதும் பறவைக்கு! சுமார் 40 ஹெக்டேர் இடத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் மிரளாமல் கூடு கட்டுவதன் ரகசியம் அந்தக் கோடுதான். "இதுவரைக்கும் நான், அதுக்கு மேலே நீ" என்று கிழித்த கோடு.

வெள்ளோட்டிலும் கதை இதேதான். சரணாலயத்தைச் சுற்றி உள்ள கிராமத்து ஜனங்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பது இல்லை. குழந்தைகளுக்கு மத்தாப்போடு சரி. பல வருஷமாக இந்தக் கட்டுப்பாட்டை அவர்களே வைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

"நாம ஒரு மணி நேரம் போயிட்டுக் கைதட்டிட்டு வர்றோம். அந்த ஊர்ப் பசங்க தீபாவளியையே விட்டுக் கொடுக்கிறாங்க" என்றார் கிளார்க். இந்தத் தடவை அவர் பையனைப் பார்க்காமல் சொன்னார்.

பரத்பூரில் நடந்தது

நல்ல எண்ணத்தோடு செய்யும் மாற்றம்கூட கோளாறாகப் போவது உண்டு. ராஜஸ்தானில் பரத்பூர் என்ற ஊர். அங்கே உள்ள கேவலாதேவ் பூங்கா உலகப் புகழ் பெற்றது. வெளி வண்டிகளை உள்ளே விடாமல் ரிக்ஷாவில் அழைத்துப் போவார்கள். ரிக்ஷாக்காரர்களே பறவை பெயரைச் சொல்லி, காட்டிக் கொடுப்பார்கள். நம் கிளார்க் கேட்ட "கூட இருந்து சொல்ற ஆள்" அங்கே ரிக்ஷா ஓட்டுகிறார்!

அந்தப் பூங்காவில் 1982-ல் எருமை மேய்ச்சலுக்குத் தடை போட்டார்கள். பறவைக்கு நல்லது என்று நினைத்துத்தான் போட்டார்கள். ஊராருக்கும் போலீசுக்கும் மோதல் வந்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. கடைசியில் பாம்பே இயற்கை வரலாற்றுச் சங்கம் பல வருஷம் ஆராய்ந்து பார்த்தபோது தெரிந்தது என்ன? எருமை தின்னாத புல் தண்ணீர் முழுவதும் அடைத்துக்கொண்டது. நீந்தவும் இரை தேடவும் இடம் இல்லாமல் நீர்ப்பறவைகள் குறைந்தன!

பிறகு இன்னொரு சோதனை. 2004 வாக்கில் அணையில் இருந்து வரவேண்டிய தண்ணீர் வரவில்லை. கேட் இருந்தது. டிக்கெட் கவுண்டர் இருந்தது. ரிக்ஷா இருந்தது. தண்ணீர் இல்லை. பறவையும் இல்லை. வேறு வழியில் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு செய்த பிறகே பூங்காவுக்கு உயிர் வந்தது.

ஆக, பறவை பார்க்க முதல் வசதி தண்ணீர். மற்றதெல்லாம் அப்புறம்.

சேலத்துக்குள்ளேயே ஒரு சாட்சி

ராஜஸ்தான் வரை போவானேன்? சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியைப் பாருங்கள். குப்பையும் முட்செடியுமாகக் கிடந்த ஏரி. 2010-ல் சேலம் மக்கள் குழு என்ற அமைப்பு தூர் வாரியது. வாரிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொட்டவில்லை. ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து, மேலே மரக்கன்று நட்டார்கள். மழை பெய்து தண்ணீர் நிரம்பியதும் ஒவ்வொரு திட்டும் ஒரு தீவு ஆனது. நாயும் மனுஷனும் சுலபமாகப் போக முடியாத இடம். பறவைகள் வந்து குடியேறின. ஜனங்கள் கரையில் நின்றே பார்க்க முடிந்தது.

மனுஷன் உட்கார இடம் போடுவதற்கு முன்னால் பறவை உட்கார இடம் போட்டார்கள். அதுதான் சூட்சுமம்!

நம் ஏரிகளுக்கும் வரும் கேள்வி

"வெள்ளோட்டு விவகாரம் ஓமலூருக்கு எதற்கு?" என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

மேட்டூர் அணையின் உபரி நீரை சரபங்கா வடிநிலத்தில் உள்ள 100 ஏரிகளுக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு 2020-ல் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பு 565 கோடி ரூபாய். 2021 பிப்ரவரியில் முதல் கட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி பக்கத்து வறண்ட ஏரிகளுக்கான திட்டம் இது. விவசாயத்துக்காகப் போட்டதுதான். ஆனால் ஏரியில் தண்ணீர் நின்றால் பறவைக்கு யாரும் தந்தி அடிக்க வேண்டியது இல்லை. முக்குளிப்பானும், நாமக்கோழியும், நத்தை குத்தி நாரையும் தானாக வந்து சேரும்.

பறவை வந்தால் ஜனம் வரும். ஜனம் வந்தால் பூங்கா, படகு, கலர் விளக்கு, கோபுரம் என்று கேட்பார்கள். அப்போது எதை முதலில் கேட்பது? தண்ணீருக்குள் நாலு மண் திட்டும், நாட்டு மரமுமா? கரையைச் சுற்றி விளக்குக் கம்பமா? இதை நம் ஊர்க்காரர்கள் இப்போதே பேசி முடிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது. கட்டி முடித்த பிறகு டீக்கடையில் பேசிப் பிரயோஜனம் இல்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு...

பறவை பார்க்க நவம்பரில் இருந்து மார்ச் வரை நல்ல சமயம். மழை பொய்த்த வருஷம் என்றால், குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். விடிந்த உடனேயும், பொழுது சாயும் நேரத்திலும்தான் பறவை அதிகம் தெரியும். உச்சி வெயிலில் போனால் உங்களுக்கும் கஷ்டம், பறவைக்கும் கஷ்டம்.

பளிச்சென்ற சிவப்பு, வெள்ளை, மஞ்சள் சட்டையைத் தவிர்த்து, பச்சை, காக்கி, சாம்பல் நிறத்தில் உடுத்தினால் பறவை மிரளாது. தின்பண்டப் பொட்டலத்தைக் குளத்தில் வீசாதீர்கள். செல்போன் மணியை நிறுத்தி வையுங்கள். நாலு பேர் பணம் போட்டு ஒரு பைனாகுலர் வாங்கினால் கோபுரம் இல்லாமலே பாதி வசதி வந்துவிடும்.

ராஜி!

மேட்டூர் பஸ் வந்து போய்விட்டது. டீ இரண்டாவது ரவுண்டும் முடிந்தது. கடைசியில் ஒரு மாதிரி ராஜி ஆனார்கள். தை மாதம் மறுபடியும் வேன். மளிகைக்கடைக்காரர் கோபுரத்தில் ஏறலாம். மேலே நின்று கூப்பாடு போடக் கூடாது. பறவைப் பெயர் போட்ட புத்தகம் வாங்கி வருவது கிளார்க் பொறுப்பு. வாத்தியார் பாடம் நடத்தலாம். ஆனால் வேனில் வேண்டாம்!

"ஆயாவுக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"மடக்கு நாற்காலி நான் தூக்கிட்டு வர்றேன். மரத்தடியில போட்டுத் தர்றேன், ஆயா" என்றான் கைதட்டிய பையன்.

"நாற்காலியைப் போட்டுட்டு நீயும் பக்கத்திலயே உக்காரு. உன் கை ரெண்டும் என் மடியில இருக்கட்டும்" என்றார் ஆயா.

டீக்கடையே சிரித்தது. பையனும்தான்.